பொருள்

புளியந்தோப்பில் என் கடை:
ஒரு கம்ப்யூட்டர், இருமுகிற ஒரு பிரிண்டர்,
கால் ஆடும் ஒரு ஸ்டூல்.
பக்கத்துக்குப் பதினைந்து ரூபாய்.
முதியோர் பணம், பட்டா, குடிநீர் இணைப்பு,
ஆற்றோடு போன ரேஷன் கார்டு
எல்லாம் என் விரல் வழியாகத்தான்
அரசாங்கத்துக்குப் போகும்.

அனுப்புநர். பெறுநர்.
பொருள், பக்கத்தில் முக்காற்புள்ளி.
அதற்குக் கீழே எல்லாருக்கும் ஒரே குரல்:
தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தேசம்மாள் வந்த அன்று
கரண்ட் போய்ப் போய் வந்தது.
மால் சீருடையைக்கூட மாற்றவில்லை.
அங்கே அவள் துடைக்கும் கழிப்பறைகள் இருபத்திரண்டு,
எல்லாவற்றுக்கும் தாழ்ப்பாள் உண்டு என்றாள்.
மகள் படிக்கும் மாநகராட்சிப் பள்ளியில்
மேலாண்மைக் குழுத் தலைவி அவள்.
அங்கே இருப்பது இரண்டு, தாழ்ப்பாள் இல்லை.

நான் அடித்தேன்:
'மேற்படி பள்ளியில் கழிப்பறை வசதி
போதுமானதாக இல்லை என்பதை...'

"இன்னா தம்பி, இதப் படிச்சா
எனக்கே ஒண்ணும் வலிக்கலையே" என்றாள்.
"ஒருத்தி உள்ள போனா
ஒருத்தி வெளிய கதவப் புடிச்சிக்கிறா.
புடிக்க ஆள் இல்லாத பொண்ணு
காலையிலேர்ந்து தண்ணியே குடிக்கிறதில்ல.
அத எய்து."

மனுவில் அப்படியெல்லாம் எழுதக் கூடாதுக்கா.

"ஏன், சட்டம் இருக்கா?"

சட்டம் இல்லை. பழக்கம்தான்.
எழுதினேன்.

நாற்பத்தொரு கையெழுத்து,
பதினேழு கைநாட்டு.
ஒருவர் பெயருக்கு முன்னால்
'முன்னாள் மாணவி' என்று போட்டுக்கொண்டார்.

எம்.எல்.ஏ. ஆபீஸ் மாடியில்.
உதவியாளர் ஏகாம்பரம் சொன்னார்:
"வச்சிட்டுப் போங்க."
"சீல் போட்டுக் குடுங்க" என்றாளாம்.
போட்டார், தலைகீழாக.
இரண்டாம் முறை: ஐயா கோட்டையில்.
மூன்றாம் முறை: ஐயா கல்யாணத்தில்.
ஒவ்வொரு முறையும் அவளுக்கு
அரைநாள் சம்பளம் போனது.

பொறுக்காமல் ஒருநாள் கேட்டேன்:
தாழ்ப்பாள் என்ன விலைக்கா, நாற்பது ரூபாய் இருக்குமா?
நானே வாங்கித் தருகிறேனே.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
"கதவே உளுத்துப் போச்சு, அத எதுல மாட்டுவ?
சரி, கதவும் வாங்கு. கூரையும் வாங்கு.
அறிவியலுக்கு வாத்தியார் இல்ல,
அவரையும் வாங்கிட்டு வா.
பிச்சை போட்டு முடிக்கிற கணக்கா இது?
ஓட்டு வாங்க எங்க தெருவுக்கு
ஏழு தடவ வந்தாங்க தம்பி. நான் எண்ணினேன்.
ஏழு தடவ நானும் போவேன்.
அப்பதான் கணக்கு நேர்."

என் மகள் போவது வேனில், மெட்ரிக் பள்ளிக்கு.
அதை அவளிடம் சொன்னதில்லை.
ஐந்தாம் முறை கடையைச் சாத்திவிட்டு
நானும் கூடப் போனேன்.

அன்று இருந்தார்.
கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு
சத்தமாகவே வாசித்தார்.
'கதவைப் பிடிக்க ஆள் இல்லாத பெண்'
என்ற இடத்தில் குரல் நின்றது.
மின்விசிறி மட்டும் சுற்றியது.
"யார் எழுதினது?"
நான் செருப்பைப் பார்த்தேன்.
"நாந்தான்" என்றாள் தேசம்மாள்.
அது உண்மைதான்.

தொகுதி நிதி இந்த வருடம் தீர்ந்துவிட்டது,
ஏப்ரலில் பார்க்கலாம் என்றார்.
கவுன்சிலரிடமும் ஒன்று கொடுக்கச் சொன்னார்.
அடுத்த வாரம் ஒரு பொறியாளர் வந்து
நாடாவால் அளந்து
சுவரில் சாக்பீஸால் ஏதோ எண் எழுதிப் போனார்.
மழையில் அதில் பாதி அழிந்தது.

இன்று மறுபடி வந்திருக்கிறாள்.
பழைய கோப்பைத் திறக்கிறேன்.
பெறுநரை மாற்றுகிறேன், தேதியை மாற்றுகிறேன்.
தாழ்மையுடன் என்ற சொல்லின் மேல்
கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது.
அவள் ஸ்டூலில் உட்கார்ந்து
பாட்டில் தண்ணீரை
மடக் மடக்கென்று குடித்து முடிக்கிறாள்.

அழித்துவிட்டேன்.
கேட்டுக்கொள்கிறேன் மட்டும் இருக்கிறது.

பதினைந்து ரூபாய் வேண்டாம் என்றேன்.
எண்ணிக் கீபோர்டு மேல் வைத்தாள்.
"ரசீது இருக்கா?" என்றாள்.